பதினான்காம் தலைமுறைக்கு விடுப்பு இல்லை

ஜி யுவான்தாவுக்குச் சொந்த வீட்டைக் கண்டாலே ஆகாது. இருபத்திரண்டு வயதில் ஒரு குடையும் இரண்டு ஜோடி வைக்கோல் செருப்புமாகக் கிளம்பிய மனுஷன், முப்பத்து நான்கு வருஷம் மலை மலையாக ஏறி இறங்கினார். அத்தனை வருஷத்தில் அவர் தன் வீட்டில் தூங்கிய நாட்களைக் கூட்டினால் பதினொன்று தேறும். பத்தொன்பது கட்டுப் பயணக் குறிப்பு எழுதித் தள்ளியவர், வீட்டைப் பற்றி எழுதியது ஒரே வரி: 'கூரை ஒழுகுகிறது, நாளை கிளம்புகிறேன்.'

இதெல்லாம் மிங் அரசர்கள் காலத்துச் சங்கதி. நானூறு வருஷம் கழித்து, அவர் இருக்கவே விரும்பாத அந்த வீட்டைப் பாதுகாக்க மாவட்டத்தில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். மூன்று அறை வீட்டுக்கு நாற்பத்து மூன்று ஊழியர்கள். முதல் வேலையாகக் கூரையைச் சரிசெய்தார்கள். அப்புறம் நிபுணர் குழு வந்து குறிப்பைப் படித்துவிட்டு, ஒழுகாத கூரை வரலாற்றுக்கு விரோதம் என்று அறிக்கை கொடுத்தது. ஓட்டுக்கு மேலே குழாய் போட்டார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, நிமிஷத்துக்குப் பன்னிரண்டு சொட்டு. சொட்டைக் கவனிக்க ஓர் ஆள், அவன் கவனிக்கிறானா என்று கவனிக்க ஒரு மேற்பார்வையாளர்.

அந்தச் சொட்டு விழும் இடத்துக்கு நேர் கீழே ஜி மாவ்கென் உட்கார்ந்திருப்பார். நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்பதை வேறொரு குழு முடிவு செய்திருந்தது. இரண்டு குழுவும் ஒன்றையொன்று விசாரிக்கவில்லை. நாற்காலியை ஒரு முழம் நகர்த்தச் சொல்லி மாவ்கென் கொடுத்த மனு ஏழு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது.

மாவ்கென் யுவான்தாவின் பதினான்காம் தலைமுறை வாரிசு. வயது அறுபத்து மூன்று. அந்த வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே யின்தியைக் கட்டிக்கொண்டு வந்து, வாத்து வளர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். அலுவலகம் வந்ததும் வாத்துகளை வெளியேற்றினார்கள், பிறகு யின்தியை. அவள் மெங் வீட்டுப் பெண், வாரிசு இல்லை. பதினைந்தாம் தலைமுறையைப் பெற்றுக்கொடுக்காத குறையையும் அவள் பெயரில் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அவள் சீதனமாகக் கொண்டுவந்த கட்டிலுக்கு 'மகான் துயின்ற கட்டில்' என்று பலகை மாட்டினார்கள். உரக்கடைக்குப் பின்னால் அலுவலகம் கொடுத்த ஒற்றை அறையில் அவள் தரையில் படுத்தாள்.

மாவ்கெனுக்குச் சாம்பல் நிற அங்கியும் ஒட்டுத்தாடியும் கொடுத்தார்கள். பேச மூன்று வாக்கியம் உண்டு: "வாருங்கள். என் முன்னோர் வீட்டில் இல்லை. தேநீர் அருந்துங்கள்." தேநீர் கிடையாது. அது தரைக்குக் கெடுதல்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து யின்தி போன் செய்தாள்.

"ஏய் கிழவா, சாப்டியா?"

"ஆச்சு. நீ சொல்லு, டாக்டர் என்னான்னாரு?"

"தோள்ல இன்னிக்கும் சொட்டுச்சா? அங்கிக்குள்ள துவாலை வெச்சுக்கிட்டியா இல்லையா?"

"வெச்சுக்கிட்டேன் புள்ள. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்குறேன்."

"குடல்ல கட்டியாம். முழுசா அடைச்சுக்கிச்சாம். மாகாணத் தலைநகர்லேர்ந்து பெரிய டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வராரு. மதியம் பன்னெண்டுக்குள்ள கையெழுத்து வந்தாத்தான் கத்தியத் தொடுவாராம், இல்லைன்னா அடுத்த ரயில்ல கிளம்பிடுவாராம். அன்னிக்குக் காலையில குடுக்குற தாள்ல கட்டுன புருஷன் கையெழுத்துப் போடணும். நான் போட்டாச் செல்லாதாம். தம்பி போட்டாலும் செல்லாதாம்."

"வந்துடுறேன்."

"வந்துடுறேன்னு சொல்லிட்டு உக்காந்துறாத. கல்யாணத்தப் பதிய கையெழுத்துப் போடுன்னப்ப வயல்ல விழுந்தடிச்சு ஓடி வந்தியே, அந்த வேகம் இப்பவும் இருக்கணும்." சிரிக்கப் பார்த்தாள். வலியில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

மாவ்கென் தாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாரிசுப் பிரிவுக்குப் போனார். வாரிசுப் பிரிவில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். வாரிசு ஒருவர்தான். பிரிவு அலுவலர் லியாவ் ஜிங் இருபத்தாறு வயதுப் பெண், தங்கமான குணம். விடுப்புப் படிவத்தை எடுத்து அவளே தூசி தட்டினாள்.

"காரணம் எதுங்கண்ணே? கல்யாணமா, பிரசவமா, சாவா? இந்த மூணு கட்டம்தான் இருக்கு."

"ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும்மா."

"அதுக்குக் கட்டம் இல்லையேண்ணே." அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாவுன்னா மூணு நாள் உடனே கிடைக்கும். உங்க சாவுன்னா மட்டும் மூணு நாள் முன்னாடியே எழுதித் தரணும். அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"உயிரோடதான் இருக்கா."

"அதாண்ணே சிக்கல்," என்றாள் லியாவ் ஜிங். நிஜமாகவே வருத்தப்பட்டாள். கண்ணில் நீர்கூட வந்தது. படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, இயக்குநரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

இயக்குநர் தெங் ஷௌயி அறையில் சுவரளவுக்கு ஒரு தேசப்படம். யுவான்தாவ் நடந்த வழியெல்லாம் சிவப்புக் கோடு. தெங் அரசு செலவில் போய்வந்த இடங்களுக்குப் பச்சைக் கோடு. பச்சை கொஞ்சம் அதிகம்.

"உட்காருங்க ஜி அண்ணே. மனைவிக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன். மனசு பதறிப்போச்சு." பதறிய மனத்தோடு சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தார். "ஆனா இது என்ன வாரம்? ரகசிய ஆய்வு வாரம்! நாலு நட்சத்திரத் தகுதி வரப்போற நேரம். ஆய்வாளர் சாதாரண ஆள் மாதிரி வருவாரு. எப்ப வருவாரு, யாரா வருவாரு, தெரியாது. வந்து பார்த்தா நாற்காலி காலி! வாரிசு எங்கேன்னு கேப்பாரு. ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்றதா? ஊர் சுத்துறவர் வீட்ல ஆள் இல்லைன்னா, அது எவ்வளவு பெரிய அவமானம்?"

"வியாழக்கிழமை காலையில போயிட்டு மத்தியானம் வந்துடுவேன் சார். ஒரு கையெழுத்துதான்."

"மகானை நினைச்சுப் பாருங்க. ரெண்டு மனைவியப் பறிகொடுத்தாரு. ரெண்டு தடவையும் எங்க இருந்தாரு? மலை உச்சியில! வந்தாரா? வரலையே! அந்த ரத்தம்தானே உங்க உடம்புல ஓடுது? உங்களை நான் மலையா ஏறச் சொல்றேன்? உட்காரத்தானே சொல்றேன்?" தெங் விதைத் தோலைத் துப்பினார். "எனக்கு மட்டும் குடும்பம் இல்லையா? எங்கம்மாவோட எழுபதாவது பிறந்தநாளன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? கடற்கரை விடுதியில, பழைய வீடுகளைப் பாதுகாப்பது எப்படின்னு கருத்தரங்கு. ஆறு நாள். அம்மா போன் மேல போன் பண்ணாங்க. நான் எடுக்கவே இல்லை. நீச்சல் குளத்துல போன் நனைஞ்சுடும்ல? கடமைன்னா அப்படித்தான் அண்ணே."

கடைசியாக, கதவு வரை வந்து வழியனுப்பும்போது, தோளில் கை போட்டுக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். ஆய்வு வாரத்தில் நாற்காலியை விட்டுப் போகிற வாரிசின் சான்றிதழ் ரத்தாகும். சான்றிதழ் போனால் மருத்துவக் காப்பீடும் போகும். யின்தியின் ஆபரேஷன் அந்தக் காப்பீட்டில்தான் நடக்கவேண்டியிருந்தது. கையெழுத்துப் போடப் போனால் ஆபரேஷன் இல்லை; போடப் போகாவிட்டாலும் ஆபரேஷன் இல்லை. மாவ்கென் இதை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

இதற்கிடையில் அலுவலகம் ஆய்வாளரைத் தேடிப் பைத்தியமாக அலைந்தது. செவ்வாய்க்கிழமை கழிவுத் தொட்டி சுத்தம் செய்ய வந்த ஆளுக்கு மாலை மரியாதை செய்து, இரண்டு டப்பா பச்சைத் தேயிலை கொடுத்து அனுப்பினார்கள். தொட்டியைக் காட்டுங்கள் என்று அவர் கெஞ்சியபோது, எங்கள் தொட்டியில் அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று தெங் சத்தியம் செய்தார். தொட்டி நிறைந்தபடியே கிடந்தது. அதைச் சுற்றிலும் மல்லிகைச் செடி அடுக்கினார்கள். புதன்கிழமை, வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஒரு ஜோடியை நிற்கவைத்துப் படம் எடுத்து அலுவலக அறிவிப்பில் போட்டார்கள். சாயந்திரமே பெண்ணின் அப்பா ஆட்களோடு வந்து சேர்ந்தார்.

புதன்கிழமை மத்தியானம் மாவ்கென் மச்சினனுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரித் தாளை இங்கேயே எடுத்து வரச் சொன்னார். அவருக்கே அப்போதுதான் தோன்றியது. இத்தனை எளிதான வழியை ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். நல்லவேளை, வாரிசு நாற்காலியில் இருந்தபடி கையெழுத்துப் போடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

மச்சினன் மெங் யோங்சாய் சந்தையில் சோயாக்கட்டி செய்து விற்கிறவன். ஆஸ்பத்திரியில் யாரும் மதிப்பதில்லை என்று, முதலாளியிடம் கறுப்புக் கோட்டும் தோல் பையும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பேருந்திலிருந்து இறங்கினான். பத்தரைக்குத் திரும்பும் பேருந்தைப் பிடித்தால் பன்னிரண்டுக்குள் ஆஸ்பத்திரி. ஓட்டமாக வாசலுக்கு வந்தவன், காவலாளியிடம் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டான்: "கக்கூஸ் எங்கப்பா இருக்கு?"

பாவி, வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா? ஆய்வாளர்கள் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறையைத்தான் பார்ப்பார்கள் என்பது இந்தத் தேசத்தில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் வெளியே வருவதற்குள் தெங் முதல் குழாய்க்காரன் வரை நாற்பத்து மூன்று பேரும் இரண்டு வரிசையாக நின்று கைதட்டினார்கள்.

"நான் ஆய்வாளர் இல்லைங்க. ஜி மாவ்கென் என் அக்கா புருஷன். அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்," என்றான் யோங்சாய்.

தெங் லியாவ் ஜிங்கின் காதைக் கடித்தார்: "பார்த்தியா, நான் ஆய்வாளர் இல்லைன்னு எடுத்த எடுப்பிலேயே சொல்றாரு. ஆய்வாளர் இல்லாதவன் எவனாவது அப்படிச் சொல்வானா?"

"சார், ஒருவேளை நெசமாவே மச்சினனா இருந்தா?"

"போன வருஷம் பக்கத்து மாவட்டத்துக்கு ஆய்வாளர் நிறைமாச கர்ப்பிணியா வந்தாரு. ஆம்பளை. பிரசவ வலின்னு கத்தினாரு. பரிதாபப்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தரமே போச்சு. எந்த அழுகைக்கும் அசையக்கூடாது, தெரிஞ்சுக்கோ."

யோங்சாயைக் கைத்தாங்கலாக நடு அறைக்கு அழைத்து வந்தார்கள். அவனைப் பார்த்ததும் மாவ்கெனுக்கு உயிர் வந்தது. "யோங்சாய்! கொண்டாடா, சீக்கிரம்!" என்று எழப் போனார். பின்னால் நின்ற இரண்டு காவலாளிகள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். தெங் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை மாறாமல் கிசுகிசுத்தார்: "மூணு வாக்கியம் மட்டும்தான் அண்ணே. உங்களைச் சோதிக்கிறாரு. எழுந்தீங்கன்னா பத்து மதிப்பெண் காலி."

"இவன் என் மச்சினன்யா! வாத்துக் குஞ்சு திருடி என்கிட்ட உதை வாங்கினவன்யா!"

"மச்சான், அக்காவை ஸ்ட்ரெச்சர்ல போட்டாச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்குது. ஒரே ஒரு கையெழுத்து, போட்டுடுங்க!" யோங்சாய் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான்.

அந்தத் தாள் மாவ்கெனின் கைக்கு ஒரு சாண் தூரம் வரை வந்தது. குறுக்கே பாய்ந்து தெங் வாங்கிக்கொண்டார். பொடிப்பொடியாக எழுத்து, பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டம், கீழே மூன்று இடத்தில் கோடு. அலுவலக வாழ்க்கையில் இப்படிப்பட்ட தாள்களைத் தவிர வேறு எதையும் அவர் பார்த்ததில்லை. மதிப்பீட்டுத் தாள்! படிக்கவே இல்லை. படித்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாக் கட்டத்திலும் சம்மதம் என்று குறி போட்டார். மயக்க மருந்தில் உயிர் போகலாம்: சம்மதம். ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம்: சம்மதம். விளைவு எதுவானாலும் நானே முழுப் பொறுப்பு: சம்மதம், கையெழுத்து, அலுவலகத்தின் வட்ட முத்திரை. பதினெட்டு வருஷப் பணியில் தெங் ஒரு விஷயத்துக்குப் பொறுப்பேற்றது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, கெடுத்துட்டியே! இருக்கிறது இந்த ஒரு தாளுதான்யா!" யோங்சாய் தெங்கின் கோட்டைப் பிடித்து உலுக்கினான்.

"கண்டிப்பானவர்," என்று தெங் கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்.

மாவ்கென் கதறினார். அறுபத்து மூன்று வயது மனுஷர், அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக, தாடி ஒரு பக்கம் தொங்க, "யின்தி! யின்தி!" என்று வாய்விட்டு அழுதார். கூரைச் சொட்டு தோளில் விழுந்துகொண்டே இருந்தது. வெளியே பத்தரைப் பேருந்து ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது.

யோங்சாயை விருந்துக்குத் தூக்கிப்போனார்கள். தூக்கித்தான் போனார்கள், இரண்டு பேர். ஆவியில் வேகவைத்த பெரிய மீனை மேசையில் வைத்து, அதன் தலையை அவன் பக்கம் திருப்பினார்கள். மீன் தலை யாரைப் பார்க்கிறதோ அவர் மூன்று கிண்ணம் அரிசி மது குடிக்கவேண்டும்; அவர் குடிக்காமல் மற்றவர்கள் சாப்பிட முடியாது; யாரும் சாப்பிடாமல் அவர் எழுந்து போக முடியாது. அவன் குடிக்கமாட்டேன் என்றான். நாற்பத்து மூன்று பேரும் பசியோடு காத்திருந்தார்கள். தெங் பயணத்தின் பெருமை பற்றி ஐம்பது நிமிஷம் பேசினார். பயணி எங்கேயும் தங்கமாட்டான், யார் தடுத்தாலும் நிற்கமாட்டான் என்று அவர் மேசையைத் தட்டிச் சொன்ன நேரம், இரண்டு ஆட்கள் யோங்சாயின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மூன்று கிண்ணத்தையும் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். பெரிய டாக்டர் ரயிலேறிவிட்டார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தம்மாவுக்குப் புருஷன் ஒரு ஆபீஸா?"

அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னாள். யின்தி அடுத்த வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மாவ்கெனுக்குப் போன் செய்தாள். "கிழவா, நீ வரலைன்னு எனக்குக் கோவம் இல்லை," என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "இருக்கு, நிறையவே இருக்கு. நீ துவாலையை மாத்து," என்றாள். திங்கட்கிழமை காலையில் செத்துப்போனாள்.

விடுப்பு கால் மணி நேரத்தில் கிடைத்தது. அதற்குத்தான் கட்டம் இருந்ததே! லியாவ் ஜிங் அழுதுகொண்டே தானே படிவத்தை நிரப்பி, தானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி, பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து கொடுத்தாள். அலுவலகம் காகித மலர் வளையம் அனுப்பியது. அதில் 'பதினான்காம் தலைமுறையின் துணைக்கு' என்று எழுதியிருந்தது. பெயர் எழுத இடம் போதவில்லை.

நான்காம் நாள் மாவ்கென் திரும்பி வந்தார். வராமல் எங்கே போவார்? உரக்கடைக்குப் பின்னால் இருந்த அறையும் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டது. அதைவிட, முப்பது வருஷம் அவளோடு படுத்த கட்டில் அந்த வீட்டுக்குள்தான் கயிறு கட்டிக் கிடந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் அதன் ஒரு கால் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஆய்வு முடிவு வந்தது. தெங் ஊழியர்களை எல்லாம் முற்றத்தில் நிற்கவைத்து வாசித்தார். ஆய்வாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அதே வியாழக்கிழமை பத்து மணிக்கு, வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த சந்தைப் பையோடு வந்தவர். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஆள் இல்லாததால் சீட்டு வாங்காமலே உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். சீட்டு விஷயத்தில் மதிப்பெண் குறைத்திருந்தார். கழிப்பறையில் மல்லிகையையும் மீறி நாற்றம் வந்தது, அதற்கும் குறைத்திருந்தார். பிறகு ஒரு பத்தி வந்தது. அதைப் படிக்கும்போது தெங்கின் குரல் தழுதழுத்தது.

"'வாரிசாக அமர்ந்திருக்கும் பெரியவர், பிரிந்துபோன முன்னோரை எண்ணிக் கதறி அழும் காட்சி உள்ளத்தை உருக்குகிறது. இதில் போலித்தனம் துளியும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே இல்லத்துக்கு நான்கு நட்சத்திரம் பரிந்துரைக்கிறேன். இக்காட்சியை நாள்தோறும் குறித்த நேரத்தில் நடத்தினால் வெளியூர்ப் பயணிகளுக்கும் வசதியாக இருக்கும்.'"

தெங் இறங்கி வந்து மாவ்கெனைக் கட்டிக்கொண்டார். "சொன்னேனா இல்லையா அண்ணே? அன்னிக்கு உங்களை அனுப்பியிருந்தா இது கிடைச்சிருக்குமா?"

காலை பத்து, மாலை மூன்று என்று பலகை எழுதினார்கள். நாற்காலிக்கு முன்னால் ஆறு வரிசை பெஞ்சு போட்டார்கள். முதல் நாள் நான்கு பேருந்து நிறையக் கூட்டம் வந்தது. பத்து மணிக்குத் தெங் ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்தார். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மாவ்கென் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. பத்து ஐந்து ஆயிற்று. பின்வரிசையில் ஒருவர் சீட்டைத் திருப்பிக் கேட்டார். தெங்கின் முகம் கறுத்தது.

லியாவ் ஜிங்கால் பொறுக்கமுடியவில்லை. இந்த மனுஷருக்கு இதுவும் போய்விட்டால் கதி என்ன என்று அவளுக்குப் பயம். ஓரமாக நடந்து வந்து, அவர் தோளில் நனைந்திருந்த துவாலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, காதோடு சொன்னாள்:

"அக்காவை நினைச்சுக்கோங்கண்ணே."

மாவ்கென் நினைத்துக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.